பாலில் விடும் லாக்டேஸ் சொட்டு: வாங்கலாமா, வாங்கினால் எப்படி விடுவது?

பால் குடித்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைச்சல் எடுத்து, சில சமயம் வயிற்றுப்போக்கில் முடிகிறது என்றால், பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி உங்கள் குடலில் குறைவாக இருக்கலாம். அதற்கு இன்று கடையில் மூன்று வழிகள் உண்டு. பாலில் கலக்கும் லாக்டேஸ் சொட்டு, சாப்பாட்டோடு விழுங்கும் லாக்டேஸ் மாத்திரை, தொழிற்சாலையிலேயே லாக்டேஸ் சேர்த்து அட்டைப்பெட்டியில் வரும் லாக்டோஸ் இல்லாத பால். காலையும் மாலையும் காபி, மதியம் தயிர் என்று தினம் பால் புழங்கும் வீட்டுக்குச் சொட்டுதான் நல்ல தேர்வு. வெளியில் சாப்பிடும்போது மாத்திரை. பயணத்தில், விடுதி அறையில், காய்ச்சி ஆறவைக்க வசதி இல்லாத இடத்தில் பெட்டிப் பால்.

சொட்டைப் பற்றித்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம். காரணம், மூன்றில் அதுதான் பயன்படுத்துபவரின் கையை நம்பி இருக்கிறது. சரியாக விட்டால் ஒரு லிட்டர் பாலில் இருக்கும் லாக்டோஸில் பெரும்பகுதியை ஒரே இரவில் உடைத்துவிடும். தவறாக விட்டால் ஒரு கிராமைக்கூட உடைக்காது. பாலைப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். லாக்டோஸ் என்பது குளுக்கோஸ் ஒன்று, கேலக்டோஸ் ஒன்று சேர்ந்த இரட்டைச் சர்க்கரை. சிறுகுடல் இரட்டைச் சர்க்கரையை அப்படியே உறிஞ்சாது; பிணைப்பை அறுத்து ஒற்றையாக்கிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளும். அறுப்பதற்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு செலவாகிறது. அதன் ஒரு பாதி ஒரு துண்டிலும் மறுபாதி மற்றத் துண்டிலும் போய் ஒட்டும். பள்ளிப் பாடத்தில் நீராற்பகுத்தல் என்று படித்த வினை இதுதான். பாலில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் லாக்டோஸ் தானாக உடைவதில்லை. அந்தப் பிணைப்பு அவ்வளவு உறுதியானது. நொதி இல்லாமல் உடைக்க வேண்டுமானால் வலுவான அமிலமும் நூறு டிகிரியைத் தாண்டிய சூடும் வேண்டும். அதற்குள் பால் பாலாக இருக்காது. லாக்டேஸ் ஒரு புரதம்; அதன் மடிப்புக்குள் குளுட்டாமிக் அமிலம் என்ற புரத அலகுகள் இரண்டு எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று பிணைப்பிலுள்ள ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜனைக் கொடுத்துக் குளுக்கோஸைக் கழற்றுகிறது. மற்றது கேலக்டோஸைச் சற்று நேரம் பிடித்து வைத்திருந்து, தண்ணீர் வந்ததும் விடுவிக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில்கூட இது நடக்கும். மெதுவாக, ஆனால் நிற்காமல். விட்ட நொதி தீர்ந்துபோவதில்லை, ஒரு மூலக்கூறை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. சில சொட்டுகள் ஒரு லிட்டருக்குப் போதும் என்பதன் காரணம் அதுதான்.

லேபிளில் பார்க்க வேண்டியது விலை அல்ல, யூனிட், அதாவது நொதியின் பலத்தின் அளவு. இந்திய மருந்துக் கடைகளில் சொட்டாகக் கிடைப்பவற்றில் பல, கைக்குழந்தைகளின் வயிற்று வலிக்கென்று சிறு பாட்டிலில் வருபவை. உதாரணத்துக்கு 15 மில்லி பாட்டில், மில்லிக்கு 600 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு பாட்டிலிலும் 9,000 யூனிட். 100 மில்லி பாலுக்கு 5 சொட்டு என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 50 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில் 2.5 மில்லி. ஆறு லிட்டரில் பாட்டில் காலி. குழந்தையின் ஒரு வேளைப் பாலுக்கு இது சரி, குடும்பத்தின் ஒரு மாதத்துக் காபிக்குக் கட்டுபடியாகாது. பெரியவர்களுக்கென்று விற்கும் செறிவான சொட்டில் லிட்டருக்கு ஐந்து முதல் பதினைந்து சொட்டே போதும். ஆகவே பாட்டிலின் விலையைப் பாட்டிலில் உள்ள மொத்த யூனிட்டால் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யூனிட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லாக்டேஸ் இரண்டு வகை. குளுவெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்டிலிருந்து எடுப்பது நடுநிலை லாக்டேஸ். பாலின் பிஹெச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.6 அருகில் நன்றாக ஓடும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து எடுப்பது அமில லாக்டேஸ், பிஹெச் 4.5 முதல் 5 வரை அதன் களம், வயிற்றின் புளிப்பைத் தாங்கும். முதலாவதன் யூனிட்டை பிஹெச் 6.5, 30 டிகிரியில் அளக்கிறார்கள். இரண்டாவதை பிஹெச் 4.5, 37 டிகிரியில். ஆக ஒன்றின் 3,000-மும் மற்றதன் 3,000-மும் ஒரே பலம் அல்ல. மாத்திரையைப் பொடித்துப் பாலில் போட்டு விடியும்வரை காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்: அமில லாக்டேஸ் பாலில் மந்தமாகவே நகரும். நடுநிலைச் சொட்டை வாயில் விட்டு விழுங்கினால் அது எதிர்ப்பக்கத் தவறு. வயிற்று அமிலத்தில் அது உடனே செயலிழந்துவிடும். பாலுக்கு ஈஸ்ட் லாக்டேஸ், வயிற்றுக்குப் பூஞ்சை லாக்டேஸ். எந்த உயிரியிலிருந்து எடுத்தது என்று லேபிளிலேயே குறிப்பிடாத சொட்டை வாங்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை.

இப்போது விடும் முறை. பாக்கெட்டை வெட்டி, வழக்கம்போலக் காய்ச்சுங்கள். பொங்கியதும் இறக்கி, இளஞ்சூடு வரும்வரை ஆறவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றும் பதம்தான். வெப்பமானி இருந்தால் 40 டிகிரி. லிட்டருக்கு லேபிள் சொன்ன அளவுக்குச் சொட்டு விட்டு, அடிவரை கலக்குங்கள். கரண்டி சுத்தமாக இருக்கட்டும். மூடி, இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். அதற்குமேல் வேண்டாம், முக்கியமாக மே மாதத்தில். பிறகு குளிர்சாதனப் பெட்டி, காலை வரை. இளஞ்சூட்டில் நொதி உச்ச வேகத்தில் ஓடுவதால் அந்த இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பகுதி முடிந்துவிடும்; மிச்சத்தை இரவு பார்த்துக்கொள்ளும். லேபிள்கள் பொதுவாகச் சொல்வது நேரே குளிரில் 24 மணி நேரம். அதுவும் சரியே, ஆனால் சொட்டின் அளவைக் குறைத்தால் அங்கே பலன் சட்டென்று இறங்கும். அமெரிக்காவில் விற்ற ஒரு பிரபல சொட்டின் பழைய அளவுக்குறிப்பைப் பாருங்கள்: சுமார் ஒரு லிட்டருக்கு 5 சொட்டு விட்டு 24 மணி நேரம் குளிரில் வைத்தால் 70 சதவீதம், 10 சொட்டுக்கு 90, 15 சொட்டுக்கு 99. முதல் ஐந்து சொட்டு எழுபதைத் தந்தது, கடைசி ஐந்து ஒன்பதைத்தான். லாக்டோஸ் குறையக் குறைய நொதிக்கு அது எதிர்ப்படுவதும் குறைகிறது. அதோடு வெளிவந்த கேலக்டோஸே நொதியின் வாயை அடைக்கிறது. லேசான தொந்தரவு உள்ளவருக்கு 70 சதவீதமே போதும். கடைசி ஒன்பதுக்காகச் சொட்டை ஒன்றரை மடங்காக்குவது பெரும்பாலான வீடுகளுக்கு வீண் செலவு.

காலையில் அந்தப் பாலை மறுபடி கொதிக்கவைத்துக் காபி போடலாமா? தாராளமாக. நொதி செத்துவிடும், ஆனால் உடைந்த சர்க்கரை மறுபடி ஒட்டாது. இதற்கு நேர்மாறாகச் செய்வதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது: ஆவி பறக்கும் டம்ளர் காபியில் சொட்டை விட்டு, ஆற்றி, உடனே குடிப்பது. 55 டிகிரியைத் தாண்டினாலே ஈஸ்ட் லாக்டேஸ் வேகமாக மடிப்புக் கலைந்து செயலிழக்கும். டிகிரி காபியில் அது சில நொடி தாக்குப்பிடித்தாலே அதிகம். தாக்குப்பிடித்தாலும், குடித்து முடிக்கும் ஐந்து நிமிடத்தில் எதையும் உடைக்க நேரம் கிடையாது.

தயிரிலும் மோரிலும் சொட்டு விடாதீர்கள். அங்கே பிஹெச் 4.5 அருகில் இறங்கிவிட்டது, நடுநிலை லாக்டேஸ் அசையாது. மோரில் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம்: இந்த நொதிக்குப் பொட்டாசியமும் மெக்னீசியமும் துணை, சோடியம் பகை. லாக்டோஸ் குறைந்த தயிர் வேண்டுமானால் சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்த பாலை எடுத்து மறுநாள் இளஞ்சூடாக்கி உறை ஊற்றுங்கள். தயிர் உறையும். லேசான இனிப்பு இருக்கும். புளிப்புப் பிரியர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வெளியில் இருக்கட்டும். இதில் ஒரு விஷயம்: சாதாரண வீட்டுத் தயிரிலேயே உறைக் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன, போதாததற்குத் தங்கள் சொந்த லாக்டேஸோடு நம் குடலுக்குள் வருகின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதன் காரணம் இதுதான். உங்களுக்கும் அப்படி என்றால் தயிருக்குச் சொட்டு வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை.

சொட்டு வேலை செய்ததா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். மருந்துக் கடையில் சிறுநீர்ச் சர்க்கரை பார்க்கும் பட்டை கிடைக்கும். ஒரு லிட்டர் பாலில் சுமார் 47 கிராம் லாக்டோஸ். முழுக்க உடைந்தால் அதிலிருந்து சுமார் 25 கிராம் குளுக்கோஸ் வரும், அதாவது டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 2,500 மில்லிகிராம். பட்டையின் நிற அட்டவணையைத் தாண்டிவிடும். அதனால் ஒரு ஸ்பூன் பாலில் நான்கு ஸ்பூன் தண்ணீர் கலந்து, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, பட்டையை முக்கி எடுத்து, ஓரத்தில் வழித்துவிட்டு, பெட்டியில் சொன்ன நொடியில் நிறத்தைப் பாருங்கள். 500 என்ற கட்டத்தின் நிறம் வந்தால் கிட்டத்தட்ட முழுமை. 250 என்றால் பாதி. சொட்டு விடாத பாலையும் அதே மாதிரி ஒருமுறை பாருங்கள். அதில் நிறம் மாறவே கூடாது, ஏனென்றால் பட்டை குளுக்கோஸை மட்டுமே பிடிக்கும், லாக்டோஸைக் கண்டுகொள்ளாது. பட்டையின் நிறம் மாறும் கட்டத்தில் இருப்பதும் ஒரு நொதிதான், குளுக்கோஸ் ஆக்சிடேஸ். பால் ஜில்லென்று இருந்தால் அதுவும் மந்தமாகி, உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இந்தச் சோதனை 90-க்கும் 99-க்கும் வித்தியாசம் சொல்லாது. ஆனால் செத்துப்போன பாட்டிலை முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும், அதற்காகவே ஒரு பெட்டிப் பட்டை வாங்கி வைப்பது நல்லது.

பாட்டில் ஏன் சாகிறது? திரவத்தில் இருக்கும் நொதி பொடியில் இருப்பதைவிட நிலையற்றது. கிளிசரால் சேர்த்து அதை நிலைப்படுத்துகிறார்கள். அப்படியும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் பாட்டில், வெயில் விழும் அலமாரியில் இரண்டு மாதம் நின்றால் பலம் இழந்திருக்கும். காலாவதித் தேதி அதைச் சொல்லாது. கடைக்காரர் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று கவனியுங்கள். மேல் அலமாரியிலிருந்து எடுத்தால் வேறு கடை பாருங்கள்.

சுவை மாறும், அதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது. குளுக்கோஸும் கேலக்டோஸும் லாக்டோஸைவிட நாக்கில் தெளிவாக இனிக்கும். ஒரு டம்ளர் பாலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டது போலத் தோன்றும்; காபியில் அந்த அரை ஸ்பூனைக் குறைத்துவிடலாம். இனிப்பு கூடியதால் சர்க்கரையின் மொத்த அளவு கூடிவிட்டதாக நீரிழிவு உள்ளவர்கள் பயப்பட வேண்டியதில்லை, அளவு அதேதான். ஆனால் உடைந்தே வருவதால் இரத்தத்தில் சற்று விரைவாக ஏறக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பின்லாந்தின் வாலியோ நிறுவனம் 2001-இல் இந்த இனிப்புக்கே ஒரு வழி கண்டது: பாலிலிருந்து லாக்டோஸில் ஒரு பகுதியை முதலில் பிரித்து எடுத்துவிட்டு, மீதியை மட்டும் நொதியால் உடைத்து, சாதாரணப் பாலின் சுவையிலேயே லாக்டோஸ் இல்லாத பாலைக் கொடுத்தது. வீட்டில் அது சாத்தியமில்லை.

சமையலில் கவனிக்க வேண்டியது நிறம். பால் பாயசத்துக்கும் பால்கோவாவுக்கும் இந்தப் பாலை வைத்தால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சிவக்கும், அடியும் சீக்கிரம் பிடிக்கும். ஒரு லாக்டோஸ் இருந்த இடத்தில் இப்போது இரண்டு சர்க்கரை மூலக்கூறுகள், இரண்டுமே பால் புரதத்தோடு சூட்டில் வினைபுரிந்து பழுப்பாகக் கூடியவை, லாக்டோஸைவிட வேகமாக. பாயசத்துக்கு அந்த இளஞ்சிவப்பு அழகுதான். அடுப்பைக் குறைத்து வையுங்கள், அவ்வளவே. பால்கோவாவில் பதம் வேறாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் எதிர்பார்க்கும் அந்த மணல்போன்ற குருணை கிடைக்காது, பிசுபிசுப்பாக நிற்கும். குருணைக்கு உதவும் லாக்டோஸ் படிகங்களே இதில் இல்லை. குல்ஃபிக்கு மாறாக இது லாபம்: மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடுவதால் உறைநிலை இறங்கி, கல்லாக உறையாமல் மிருதுவாக இருக்கும்.

மட்டமான சொட்டின் அடையாளம் கசப்பும் மருந்து வாடையும். ஈஸ்டின் செல்லை உடைத்துத்தான் லாக்டேஸை வெளியே எடுக்க வேண்டும், சுத்திகரிப்பு சரியில்லை என்றால் புரதத்தை நறுக்கும் நொதிகளும் கூடவே வந்துவிடும். அவை பால் புரதத்தைச் சிறு துண்டுகளாக்க, அதில் சில துண்டுகள் கசக்கும். வீட்டில் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் பாலில் இது தெரிய வாய்ப்புக் குறைவு. மாதக்கணக்கில் நிற்கும் பெட்டிப் பாலில்தான் இது பெரிய விவகாரம். ஆகவே லாக்டோஸ் இல்லாத பெட்டிப் பாலைக் காலாவதிக்கு வெகு முன்பே, தயாரித்த தேதி புதியதாகப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் அமுலின் லாக்டோஸ் இல்லாத பால் பெரிய கடைகளில் கிடைக்கிறது. தினசரிக்குப் பாக்கெட் பாலையும் சொட்டையும் சேர்த்த செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. 3,000, 4,500, 9,000 எஃப்.சி.சி. யூனிட் (அமில லாக்டேஸை அளக்கும், மேலே சொன்ன யூனிட்) என்று வருகிறது. லாக்டோஸ் உள்ள உணவு ஒவ்வொன்றோடும் குறைந்தது 4,500 யூனிட் என்பதே ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அளவு. முதல் வாயோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி கழித்து, வயிறு இரைய ஆரம்பித்ததும் எடுப்பதில் பயனில்லை. லாக்டோஸ் அதற்குள் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். விழுங்கத் தண்ணீர் போதும், சூடான காபி வேண்டாம்.

இதையெல்லாம் வாங்கும் முன் ஒரு கேள்வி: உங்களுக்கு இது வேண்டுமா? வளர்ந்த பின் குடலில் லாக்டேஸ் குறைவது உலகில் பெரும்பான்மையோருக்கு இயல்பு, தென்னிந்தியாவில் வட இந்தியாவைவிட அதிகம். ஆனால் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸை, அதாவது 250 மில்லி பாலை, பெரிய தொந்தரவின்றித் தாங்குவார்கள். ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்றால் லாக்டோஸ் 5 கிராம்கூட இல்லை. காபிக்கே வயிறு கலங்குகிறது என்றால் காரணம் காபியாகவும் இருக்கலாம். மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் சோதனை ஒன்று குடல் மருத்துவரிடம் உண்டு. மாதாமாதம் சொட்டு வாங்குவதற்கு முன் அதை ஒருமுறை செய்துகொள்ளலாம். வயிற்றுப்போக்கு நோய்க்குப் பிறகு சில வாரம் மட்டும் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது தற்காலிகம், குடல் ஆறியதும் சரியாகும்.

ஏ2 பால் என்று கூடுதல் விலைக்கு வாங்கி லாக்டோஸ் பிரச்சினை தீரும் என்று நம்புவோர் இருக்கிறார்கள். ஏ2 என்பது பீட்டா கேசீன் என்ற புரதத்தின் வகை. லாக்டோஸ் அதிலும் அதே அளவு. ஆவினின் நீலம், பச்சை, ஆரஞ்சு பாக்கெட்டுகள் கொழுப்பில்தான் பெரிதாக வேறுபடுகின்றன. லாக்டோஸ் விஷயத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே, சொட்டின் அளவை மாற்ற வேண்டாம். ஆட்டுப் பாலும் விதிவிலக்கல்ல.

சொட்டு உதவாத, சிலருக்கு ஆபத்தாகவே முடியும் இரண்டு நிலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு, தடிப்பு, மூச்சு இளைப்பு, வாந்தி வருபவருக்கு, லாக்டோஸை உடைத்துப் பயனில்லை; புரதம் அப்படியே இருக்கிறது. கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடுள்ள குழந்தைக்கு இந்தப் பாலைக் கொடுக்கவே கூடாது. அந்த உடலால் கையாள முடியாதது கேலக்டோஸ், சொட்டு விட்ட பாலில் அது லிட்டருக்கு 25 கிராம் அளவுக்குத் தயாராகவே இருக்கிறது. கைக்குழந்தை எதுவானாலும், வயிற்று வலிக்கென்று கடையில் தாமாகவே சொட்டு வாங்கி விடாமல் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.